பத்து வேண்டாம், ஆறு போதும்: மலையகப் பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தருவோரிடம் சில வார்த்தைகள்

கொம்பியூட்டர் லெப் திறப்பு விழாக்கள் மீண்டும் தொடங்கிவிட்டன. ரிப்பன், மாலை, பேண்ட் வாத்தியம், அதிதிகள் உரை, பிறகு முகநூலில் நாற்பது படங்கள். தோட்டத்துப் பாடசாலைக்கு யாராவது ஏதாவது கொண்டுவந்தால் முகம் சுளிப்பவர்கள் அல்ல நாம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்தப் படங்களைப் போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த தவணையில் வந்து அதே அறையை எட்டிப் பார்த்தீர்கள்?

பார்த்திருந்தால் துணி போர்த்திய திரைகளையும் பூட்டிய கதவையும்தான் கண்டிருப்பீர்கள்.

அண்மைக் காலமாக இந்த விழாக்களில் மேசை மேல் இருப்பது பழைய பெரிய பெட்டி அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை. பெயர் ராஸ்பெரி பை. 2012 பெப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 35 டொலர் விலையில் முதலாவது வெளிவந்தது. பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பழக ஒரு மலிவான கணினி வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணம். இன்றைய பை 4, பை 5 பலகைகளோடு திரையும் விசைப்பலகையும் சேர்த்தால் பாடசாலைக்குத் தேவையான மேசைக்கணினி தயார். கரண்டும் குறைவு. பழைய டெஸ்க்டொப் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் நாலைந்து பை ஓடும்.

எனவே இந்தப் பலகை மீது நமக்குக் கோபமில்லை. நம் கோபம் அதை வாங்கும் முறையில். 'ஒன்று இவ்வளவுதானாம், பத்து வாங்கிக் கொடுத்துவிடலாம்' என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் அந்த ஒற்றைக் கணக்கில்.

அந்தக் கணக்கு வழமையாக இப்படி இருக்கும். பலகை பத்து. இருப்பதிலேயே மலிவான மெமரி கார்ட் பத்து. போன் சார்ஜர் பத்து. முடிந்தது. எண்ணிக்கை பத்து என்றால் பதாகையில் எழுத அழகாக இருக்கிறது. நாமறிந்த ஒரு தோட்டப் பாடசாலைக்கு இப்படித்தான் வந்தன. இரண்டாம் தவணை முடியும்போது மூன்று ஓடின. மற்ற ஏழிலும் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது கார்ட். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆளில்லை. 'இந்தச் சின்னச் சாமான் இப்படித்தான், பழுதாகிப் போச்சு' என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று.

பலகை மட்டும் கணினி ஆகிவிடாது. கணினி உயிரோடு இருப்பதும் சாவதும் இரண்டு விஷயங்களில்: எதில் எழுதிச் சேமிக்கிறது, எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. நம் தனவந்தர்கள் மிச்சம் பிடிப்பதும் சரியாக இந்த இரண்டில்தான்.

கார்ட் ஏன் சாகிறது? தோட்டத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறோம். கொழுந்து நிறுத்து செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயருக்கு நேரே ஒரு இலக்கத்தை மாற்ற வேண்டும். ஆனால் அவர் கையில் அழிரப்பர் இல்லை. முழுப் பக்கத்தையும் புதுப் பக்கத்தில் பார்த்தெழுதி, பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டும். எந்தப் பக்கம் எங்கே போனது என்று ஒரு தனிக் கொப்பியிலும் குறிக்க வேண்டும். மெமரி கார்ட்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. துண்டு துண்டாக அழிக்க முடியாது, தொகுதியாகத்தான் அழிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் அழிக்கக்கூடிய தடவைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. கமராவில் படம் எடுத்து வைப்பதற்கு இது போதும். ஆனால் ஒரு இயங்குதளம் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பிரவுசர் எழுதும், பதிவேடுகள் எழுதும், ரெம் போதாமல் போனால் அதுவும் அங்கேதான் எழுதும்.

அந்தக் கணக்கப்பிள்ளை பக்கத்தைப் பார்த்தெழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால்? பக்கம் போகும். குறிப்புக் கொப்பி கலைந்தால் முழுச் செக்ரோலும் போகும். மறுநாள் காலையில் திரையில் ஒன்றும் வராது.

நம் ஊரில் விளக்கு அணையாத நாள் எது? லக்ஷபான மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் தண்ணீர் நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிறது. அதே மலைகளில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் நம் பாடசாலைக்குக் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்றார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி மின்னல். இவ்வளவும் போதாதென்று, 1.30க்கு மணி அடித்ததும் யாரோ ஒரு நல்ல மனிதர் பொறுப்பாக வந்து மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார், கணினிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இந்த இடத்துக்கு மலிவான மெமரி கார்ட்டில் ஓடும் கணினியைக் கொண்டுவந்து கொடுப்பது, மழைக்காலத்தில் மஸ்கெலியாவுக்குக் காகிதக் குடை கொண்டுவருவது போல.

பதில் ஒன்றும் பெரிய இரகசியம் அல்ல. எஸ்.எஸ்.டி. அதுவும் ஃபிளாஷ் நினைவகம்தான். ஆனால் எழுதும் வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிடும் நல்ல கட்டுப்பாட்டுச் சிப் உள்ளே இருக்கிறது. எவ்வளவு எழுதினால் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுக்கிறார். சாதாரண 240 ஜி.பி. கிங்ஸ்டன் ஏ400 ஒன்றுக்கே 80 டெராபைட் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பாடசாலைக் கணினி நாளுக்கு 10 ஜி.பி. எழுதினாலும் அந்த எல்லையைத் தொட இருபது வருடம் தாண்டும். கரண்ட் போனால் எஸ்.எஸ்.டி.யும் பழுதாகலாம்தான். ஆனால் சந்தைக் கார்ட்டோடு ஒப்பிட்டால் அது வேறு இனம்.

வேகமும் வேறு. பை 4 இல் கார்ட் செருகும் வழி செக்கனுக்கு 50 மெகாபைட்டைத் தாண்டாது. அதே பலகையின் நீல நிற யூ.எஸ்.பி. 3 வழியில் எஸ்.எஸ்.டி. பூட்டினால் 300க்கு மேல் போகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் கணினி எழும்பவே ஐந்து நிமிடம் எடுத்தால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். கற்பிப்பவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நாம் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றால் பலகையைச் செய்பவர்களையே பாருங்கள். விசைப்பலகைக்குள் கணினி வைத்த பை 400 ஐ 2020 இலும் பை 500 ஐ 2024 இலும் வெளியிட்டார்கள். இரண்டும் கார்ட்டில் ஓடின. 2025 இல் பை 500+ வந்தது. உள்ளேயே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மேசைக்கணினி என்றால் கார்ட் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனிக் கணக்குக்கு வருவோம். 2023 இல் பை 5 வந்தபோது 4 ஜி.பி. பலகைக்கு அறிவித்த விலை 60 டொலர். அதற்கென்றே செய்த 27 வாட் மின்வழங்கி 12. விசிறியுடன் குளிர்விப்பான் 5. எஸ்.எஸ்.டி. பூட்டும் எம்.2 ஹாட் 12. கடிகார பட்டரி 5. ஆக பலகைக்கு வெளியே 34 டொலர், அதாவது பலகை விலையில் பாதிக்கு மேல். எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 30 என்று வையுங்கள். மொத்தம் 124. ஆறு வாங்கினால் 744.

இப்போது உங்கள் முறை. பலகை 60, மலிவுக் கார்ட்டுக்கும் போன் சார்ஜருக்குமாக 15. மொத்தம் 75. பத்து வாங்கினால் 750.

பார்த்தீர்களா? அதே பணம். கப்பல் கூலி, வரி, ரெம் விலையேற்றம் எல்லாம் சேர்ந்து கொழும்புக் கடையில் இன்று எல்லா இலக்கமும் கூடியிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது விகிதத்தை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வாங்கினால் நான்கு திரை, நான்கு விசைப்பலகை, நான்கு மவுஸ், நான்கு மேசை மிச்சம். அந்தக் காசில் யூ.பி.எஸ். வந்துவிடும்.

பத்தில் மூன்று ஓடுவது நல்லதா, ஆறில் ஆறும் ஓடுவது நல்லதா? தரம் 5 பிள்ளையிடம் கேளுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான்:

1. பை 4 என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யும் யூ.எஸ்.பி. 3 மாற்றிக் கேபிளும் போதும். கேபிளுக்குள் இருக்கும் சிப் முக்கியம். சில ஜேமைக்ரோன் சிப்கள் பை 4 உடன் தகராறு செய்திருக்கின்றன. ஒன்றை வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். பழைய லெப்டொப்பில் கழற்றிய சுழலும் வன்றட்டு வேண்டாம். பை 4 இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து 1.2 அம்பியர்தான் கொடுக்கும்.

2. பை 5 என்றால் எம்.2 ஹாட். அதில் என்.வி.எம்.இ. வகை மட்டுமே வேலை செய்யும். எம்.2 சாட்டா வேலை செய்யாது. ராஸ்பெரி பை நிறுவனத்தின் சொந்த ஹாட்டில் 2230, 2242 என்ற குட்டை அளவுகள்தான் பொருந்தும். கடைகளில் அதிகம் கிடைக்கும் நீளமான 2280 பொருந்தாது. 'சும்மா கிடந்தது' என்று யாராவது ஒன்றைத் தந்தால் முதலில் அளவைப் பாருங்கள்.

3. கொள்ளளவில் ஆசைப்படாதீர்கள். மாணவர் மேசைக்கு 128 ஜி.பி.யே தாராளம். பெயர் தெரியாத 1 டெராபைட்டை விட, பெயரும் உத்தரவாதமும் உள்ள 128 மேல்.

4. பென்டிரைவ்வை எஸ்.எஸ்.டி. என்று நினைத்து ஏமாற வேண்டாம். உள்ளே பெரும்பாலும் கார்ட்டின் கதைதான்.

5. கார்ட்டைத் தவிர வழியே இல்லை என்றால் ஏ1 அல்லது ஏ2 என்று பொறித்ததை வாங்குங்கள். 'கிளாஸ் 10' என்பது நீளமான வீடியோ எழுதும் வேகத்தைச் சொல்வது. கணினிக்குத் தேவை சின்னச் சின்னதாகச் சிதறி எழுதும் திறன். ஏ1 என்றால் செக்கனுக்குக் குறைந்தது 500 தடவை அப்படி எழுதும், ஏ2 என்றால் 2000 தடவை. போலிகள் நிறைய. எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ராஸ்பெரி பை இயங்குதளத்தின் அமைப்புகளில் 'ஓவர்லே' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் கார்ட்டில் எதுவும் எழுதப்படாது, அணைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது பிள்ளைகளின் வேலையை வேறிடத்தில் சேமிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

6. போன் சார்ஜர் வேண்டவே வேண்டாம். 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 5 வோல்டில் பெரும்பாலும் 3 அம்பியர்தான் தரும். பை 5 கேட்பது 5 அம்பியர். கிடைக்காவிட்டால் யூ.எஸ்.பி. துளைகளுக்கு 600 மில்லி அம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வந்தால் மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதை 'அழகாக இருக்கிறதே' என்று விட்ட இடங்களையும் பார்த்திருக்கிறோம்.

7. ரெம் 4 ஜி.பி. எடுங்கள். அது பலகையோடு ஒட்டியே வருகிறது. பிறகு கூட்ட முடியாது.

8. பை 4 இல் கடிகாரம் இல்லை. இணையம் இல்லாத பாடசாலையில் திகதி பிழையாகவே இருக்கும். சின்னக் கடிகார மொடியூல் ஒன்றும், பை 5 என்றால் பட்டரியும் சேர்த்து வாங்குங்கள்.

9. திரைக்கு மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிள் வேண்டும். பழைய வி.ஜி.ஏ. திரை கிடைத்தால் மாற்றியும் வேண்டும். விழா முடிந்து அதிதிகள் போன பிறகு 'கேபிள் பொருந்தவில்லை' என்று நம்மிடம் சொல்லாதீர்கள்.

10. ஐந்து பலகையும் ஐந்து எல்.இ.டி. திரையும் சேர்ந்தே 200 வாட்டைத் தொடாது. சாதாரண 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றே ஒழுங்காக அணைக்கும் அளவுக்கு நேரம் தரும். ஆறுக்கு இரண்டு வைத்தால் நிம்மதி. அதற்கு முன் பிளக் பொயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். பழைய தோட்டக் கட்டடங்களில் பல இடத்தில் இல்லை. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் பலகை சூடேறுவது பெரிய பயமல்ல. ஈரம்தான் பயம். சுவரோரம் வைக்காதீர்கள், லீவு நாட்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

இனி நமக்கு வழமையாக வரும் பதில்கள்.

'விண்டோஸ் இல்லாமல் பிள்ளைகள் என்ன படிப்பார்கள்?' பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். சொல் முறைவழியாக்கம், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம் எல்லாம் லிப்ரே ஓபிஸில் இருக்கின்றன. சாதாரண தரத்துப் பாஸ்கலும் உயர்தரத்துப் பைதனும் இந்தப் பலகையில் இலவசமாக ஓடும். அக்சஸ் மட்டும் ஓடாது, அதற்குப் பதிலாக பேஸ் இருக்கிறது. பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசுப் பாடசாலைகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் கற்பிக்கின்றன. தமிழ் தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை இலங்கைத் தரமாகவே இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 1326. பாமினியில் கிடக்கும் பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றுவது ஆசிரியர்களான நம் வேலை. அதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம்.

'அதே விலைக்குப் பழைய மினி பி.சி. கிடைக்கிறதே?' கிடைக்கிறது. நல்ல கேள்வி. கரண்ட் ஒழுங்காக வரும் ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரத்துப் பாடசாலை என்றால் அதையே வாங்குங்கள், நாம் சண்டைக்கு வரமாட்டோம். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் பல அலுவலகங்கள் நல்ல இயந்திரங்களைக் கழிக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் பட்டரியும் சூரியகலமும் கொண்டு ஓட்ட வேண்டிய மேல் பிரிவுப் பாடசாலைக்குப் பைதான் பொருத்தம். எதை வாங்கினாலும் விதி ஒன்றே: உள்ளே எஸ்.எஸ்.டி., வெளியே யூ.பி.எஸ்.

'ஆறு போதாது, வகுப்பில் நாற்பது பிள்ளைகள்.' பத்தும் போதாதுதான். பற்றாக்குறையை ஓடாத பெட்டிகளால் நிரப்ப முடியாது. ஆறில் ஒன்றைக் கொஞ்சம் பெரிய எஸ்.எஸ்.டி.யுடன் வகுப்பறைச் சேவையகமாக வையுங்கள். கிவிக்ஸ் மூலம் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவையும், கொலிப்ரியில் பாடங்களையும், அரசாங்கப் பாடநூல்களின் பிரதிகளையும் அதில் ஏற்றுங்கள். இணையமே இல்லாமல் அறை முழுவதும் பார்க்கலாம். 2020 இலும் 2021 இலும் சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் இன்னும் மறக்கவில்லை.

எண்ணிக்கைக்காகக் கொடுத்த கதை உலகத்திலும் உண்டு. பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012 இல் அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி ஆராய்ந்தபோது கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததாகத் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம். அங்கே இயந்திரம் ஓடியே அவ்வளவுதான். இங்கே இயந்திரமே ஓடுவதில்லை.

இதில் இழப்பு வெறும் காசல்ல. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டவே 2021 வரை காத்திருந்த மக்கள் நம் பெற்றோர். வீட்டில் கணினி என்ற பேச்சே இல்லை. அந்தப் பிள்ளை தொடும் முதல் கணினி இதுதான். ஒரு தவணை முழுவதும் பக்கத்துப் பிள்ளையோடு மாறி மாறி உட்கார்ந்து, ஒரு விரலால் தேடித் தேடி, தன் தோட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் தட்டச்சு செய்கிறாள். ஒரு நாள் காலையில் எல்லாம் போய்விட்டது. 'நீ என்ன செய்தாய்?' என்று முதலில் அவளைத்தான் கேட்கிறோம். அவள் ஒன்றும் செய்யவில்லை. யாரோ ஒருவர் கார்ட்டில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தார். அவள் படித்துக்கொள்வதோ, 'இதெல்லாம் நமக்குச் சரிவராது' என்ற பாடத்தை.

இன்னொன்றும் நடக்கிறது. செத்த பத்தும் பொருட்பதிவேட்டில் உயிரோடு இருக்கின்றன. அடுத்த உதவி வரும்போது 'உங்களிடம்தான் பத்து இருக்கிறதே' என்ற பதில் வருகிறது. ஆக, தவறாகக் கொடுத்தது ஒன்றும் கொடுக்காததை விட மோசம்.

கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலய இளைஞர் குழு, பழைய மாணவர் சங்கம், கட்டாரிலும் துபாயிலும் உழைத்து அனுப்பும் தம்பிமார், எல்லோருக்கும் சொல்கிறோம். ஊரில் வசூலித்த பணம் அமானிதம். அதை எண்ணிக்கைக்கும் பதாகைக்கும் செலவழிக்க உரிமையில்லை.

அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையொப்பம் இடுவதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள். எஸ்.எஸ்.டி. இருக்கிறதா? சரியான மின்வழங்கியும் யூ.பி.எஸ்.ஸும் இருக்கின்றனவா? எல்லாம் நிறுவித் தயாராக்கிய ஒரு உபரிப் பிரதி அலுமாரியில் இருக்குமா? பழுதானால் அதை மாற்றிப் போட இரண்டு ஆசிரியர்களுக்குப் பழக்கித் தருவார்களா? நான்குக்கும் 'ஆம்' என்றால் மாலை போட்டு வரவேற்போம். இல்லை என்றால், 'எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மறுபடி வாருங்கள்' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

நாளைக்கு எங்காவது ஒரு குழுவில் 'பத்துக் கணினி' என்று வசூல் தொடங்கும். இந்தப் பதிவை அங்கே போடுங்கள்.